ஒற்றை உதைக்கு ஓர் ஆள்

போடியில் ராஜமணி அண்ணாச்சியின் ஏலக்காய்க் கடையில் விசித்திரமான வேலை ஒன்று இருந்தது. அதற்குப் படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாயலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் பந்தை வலைக்குள் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போட்டால் கடையில் மூட்டை தைத்துக்கொண்டு, காய் சலித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். தப்பினால் திங்கட்கிழமை காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். ஊரில் இதற்குக் கிக்கர் வேலை என்று பெயர்.

இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று கேட்டால், உண்டு, அமெரிக்காவில் உண்டு. அங்கிருந்து இறங்கிய சரக்குதான் இது. மகள் ஜெபஷீலாவின் பிரசவத்துக்காக அண்ணாச்சியும் அவர் சம்சாரம் அன்னத்தாயும் 2004-இல் டெக்சாஸ் போயிருந்தார்கள். அன்னத்தாய்க்குப் பிள்ளையைக் குளிப்பாட்டவும் பத்தியச் சோறு பொங்கவும் பொழுது சரியாக இருந்தது. அண்ணாச்சிக்கு என்ன வேலை? மருமகனோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். புட்பால் என்று சொன்னார்கள். பார்த்தால் ஆளாளுக்குப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், மற்றவன் அவன் மேல் விழுகிறான். மூன்று மாதம் பார்த்தும் அண்ணாச்சிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

விளங்கியது ஒரே ஒரு ஆள்தான். ஆட்டம் முழுக்க உடுப்பில் அழுக்குப் படாமல் ஓரமாக நிற்பான். கூப்பிட்டால் வருவான், ஒரே ஒரு உதை உதைப்பான், போய்விடுவான். உள்ளே விழுந்தால் தோளில் தூக்குவார்கள். வெளியே போனால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான்.

“அவுகளுக்கெல்லாம் வேலை நெரந்தரமில்லை மாமா. ஒரே வருசத்துல மூணு பேரைக்கூட மாத்துவாக. அவுக உதைக்கிறதுக்குன்னு பந்தே தனியா வச்சிருக்காக” என்று மருமகன் சொன்னார்.

அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவர் இந்த யோசனையைக் கொண்டுவந்தார்.

அண்ணாச்சிக்கு ஏற்கனவே ஒரு கால்பந்துக் குழு இருந்தது. பெயர் ‘போடி ஏலம் செவன்ஸ்’. மலைக்கு மேலே கேரளாக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஏழு பேர் ஆட்டம் அது. சின்ன மைதானம் என்பதால் பாதி ஆட்டங்கள் சமனில்தான் முடியும். மேற்கே நீளத்துக்கும் மலை நிற்பதால் இந்தப் பக்கத்தில் பொழுது சீக்கிரம் விழுந்துவிடும். சாவகாசமாக ஐந்து ஐந்து பெனால்ட்டி அடித்துக்கொண்டிருக்க வெளிச்சம் கிடையாது. ஆகவே எங்கள் பள்ளத்தாக்கில் ஒத்தைக்கு ஒத்தை என்று ஒரு சட்டம். இந்தக் குழுவுக்கு ஒரு உதை, அந்தக் குழுவுக்கு ஒரு உதை, எவன் தப்புகிறானோ அவன் தோற்றான். கோம்பையில் ஒருதடவை பந்தில் காற்றுக் குறைவு என்று அடிதடி ஆனபிறகு, அந்த உதைக்கு மட்டும் அவரவர் சொந்தப் பந்தைக் கொண்டுவரலாம் என்றும் ஆகியிருந்தது. ஒரே ஒரு உதைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ள இதைவிட என்ன தோது வேண்டும்?

முதலில் வந்தவன் சீனிச்சாமி. ஆறு மாதம் ஓட்டினான், உத்தமபாளையத்தில் தப்பினான், போனான். அடுத்து குமுளியிலிருந்து ஏசுதாசன். வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தான், ஞாயிற்றுக்கிழமை பந்தைக் கோல் கம்பத்துக்கு மேலே அனுப்பினான், திங்கட்கிழமை ஆளைக் காணோம். பாவம், கடையில் டீ கிளாஸ் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. மூன்றாவது மலைச்சாமி. மூன்று பேரிலும் அவன் கால்தான் சுத்தமான கால். ஒருநாள் பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் யார் சொல்வதற்கும் காத்திருக்கவில்லை. மைதானத்திலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கூட ஆடியவர்கள் வழிவிட்டு விலகினார்களே தவிர, ஒருவன்கூட அவன் தோளைத் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்றைக்கு விலகி நின்றவர்களில் சுருளியாண்டியும் ஒருவன். அடுத்த கிக்கர் அவன்தான்.

சுருளியாண்டிக்கு அந்த வேலை தெய்வம் கொடுத்தது. அதற்கு முன்னால் விடிவதற்குள் எழுந்து, ஜீப்பில் இருபது பேரோடு இருபத்தொன்றாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு, போடிமெட்டு ஏறிக் கேரளா எஸ்டேட்டில் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, இருட்டிய பிறகு வீடு வந்து சேர்வான். கல்யாணமாகி முதல் வருசம் பொண்டாட்டி முத்துப்பேச்சியின் முகத்தை அவன் பகல் வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். கடைக்கு வந்தபிறகு மத்தியானம் வீட்டுக்கு நடந்துபோய்ச் சுடுசோறு சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாள். இதைவிடப் பெரிய சுகம் எதையும் அவன் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் அந்தச் சுகம் ஒவ்வொரு வாரமும் ஒரு உதையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுருளியாண்டி இரண்டு வருசம் தப்பாமல் போட்டான். அதுவே ஒரு கேலியாகப் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள் “என்ன சுருளி, இன்னும் இங்கனதான் இருக்கியா?” என்று கேட்டுத்தான் தராசுப் பக்கம் போவார்கள். அவன் சிரிப்பான். சிரித்துவிட்டு உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொள்வான்.

2008 சித்திரையில் சின்னமனூரில் கோப்பைக்கான இறுதியாட்டம் வந்தது. எதிரில் கம்பம் ஊர்க்காரர்கள். அந்தக் கோப்பையை அண்ணாச்சி அதுவரை கையால் தொட்டதில்லை. ஆட்டத்துக்கு முந்தின வாரம் கடைக்குத் திலீபன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் வந்தான். “சும்மா பாத்துட்டுப் போகட்டும்னு வரச் சொன்னேன்” என்றார் அண்ணாச்சி, சுருளியின் முகத்தைப் பார்க்காமல்.

திலீபன் நல்ல பையன்தான். அதுதான் வயிற்றெரிச்சல். சுருளி மூட்டை தைப்பதைப் பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “அண்ணே, இங்கன மத்தியானம் டீ உண்டாண்ணே?”

உண்டு தம்பி என்று சொல்லிவிட்டுச் சுருளியாண்டி ஊசியை விரலில் குத்திக்கொண்டான்.

வீட்டில் வந்து அதைச் சொன்னதுதான் தாமதம், முத்துப்பேச்சி பொரிந்து தள்ளிவிட்டாள். “நீங்க உக்காந்திருக்கையிலேயே ஆள் தேடுறாகளா? உங்க அண்ணாச்சிக்கு நெஞ்சுல என்ன ஈரமே இல்லையா? ரெண்டு வருசமா ஒரு பந்து தப்பியிருப்பீகளா?”

“அது அவுக வழக்கம் பேச்சி. அமெரிக்காவுல அப்பிடித்தானாம்.”

“அமெரிக்காவுல தீய வைக்க” என்றாள் அவள்.

உதைக்கும் பந்து எப்போதும் சுருளியின் வீட்டில்தான் இருக்கும். வாரம் முழுக்க அவன் அதிலேயே பழகுவான். வெள்ளிக்கிழமை காற்றடித்து, துடைத்து, துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி ஆணியில் தொங்கவிடுவான். அதற்குப் பிறகு உதைக்கிற நேரம் வரைக்கும் பையைத் திறக்க மாட்டான். பந்தைக் கண்ணால் பார்த்தாலே காலில் நமைச்சல் எடுக்கும், தூக்கம் போய்விடும்.

சனிக்கிழமை காலையில், வீரபாண்டியில் இருக்கும் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முத்துப்பேச்சி மஞ்சள்பையோடு பஸ் ஏறினாள். திருவிழா நேரம், கூட்டமாக இருக்குமே என்றான் சுருளி. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வருகிறேன் என்றாள். சாயங்காலம் வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. ஆணியில் துணிப்பை பழையபடி தொங்கியது. நடுவில் அது அங்கே இல்லாததை, மத்தியானச் சோற்றையும் கடைக்கே கட்டிக்கொண்டு போயிருந்த அவன் எங்கே கண்டான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். பனியன், கொட்டு, தண்ணீர்க் கேன் எல்லாம் அங்கிருந்துதான் வேனில் ஏறும். அன்னத்தாய் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“பயப்படாதப்பா சுருளி. கர்த்தர் பாத்துக்கிடுவார்” என்றாள்.

“சரிங்கக்கா” என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆட்டத்தில் அனல் பறந்தது. கம்பத்துக்காரர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள், போடிக்காரர்கள் கடைசியில் ஒன்றைத் திருப்பினார்கள். மலை சூரியனை விழுங்கியதும் நடுவர் ஊதிவிட்டார். ஒத்தைக்கு ஒத்தை. கம்பத்து ஆள் வந்தான், அடித்தான், உள்ளே போட்டான். மைதானத்தின் அந்தப் பக்கம் முழுக்க எழுந்து ஆடியது.

இப்போது சுருளியாண்டி போட்டே ஆக வேண்டும்.

அவன் பையோடு நடந்துபோனான். பனியனில் அழுக்கில்லை, முகத்தில் ரத்தமில்லை. சுண்ணாம்புப் புள்ளிக்குப் போய்ப் பையின் முடிச்சை அவிழ்த்துப் பந்தை வெளியே எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

காற்றடிக்கும் துளையைச் சுற்றிச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். தையலுக்குள் மஞ்சள் தூள்கூட இருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தி வீடாவது ஒன்றாவது! கூட்டத்தில் நசுங்கி, வீரபாண்டி கௌமாரியம்மன் காலடியில் இந்தப் பந்தை வைத்து வாங்கி வந்திருக்கிறாள். முதலில் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒருத்தி தனக்காக வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று நினைக்கும்போது கண் கலங்கியது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. ஆத்தா காலடியில் இருந்த பொருளை அவன் இப்போது பூட்ஸ் காலால் உதைக்க வேண்டும்.

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் அவன். கடையில் தராசைத் தாண்டக்கூட மாட்டான், சுற்றித்தான் போவான். அவனைப் போய் இதை உதைக்கச் சொன்னால்?

“அடிப்பா, வெளிச்சம் போகுது” என்றார் நடுவர்.

சுருளியாண்டி பந்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். கூட்டம் அதைப் பார்த்து விசிலடித்தது. பிறகு குனிந்து வலது கால் பூட்ஸைக் கழற்றினான். கூட்டம் விசிலை நிறுத்திவிட்டது.

“ஏலே! என்னலே பண்ற? பூட்ஸைப் போடுலே!” என்று அண்ணாச்சி கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். அவர் தொண்டை மைதானம் முழுக்கக் கேட்டது.

அவன் காதில் வாங்கவில்லை. ஆத்தா, மன்னிச்சிரு, பொழைப்புக்குத்தான் பண்றேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பந்தைப் புள்ளியில் வைத்தான், உள்ளங்கை வழுவழுத்ததை வியர்வை என்று நினைத்துப் பனியனில் துடைத்துக்கொண்டான். குங்குமம் இருக்கிற பக்கம் காலில் படக்கூடாதே என்று அந்தப் பக்கத்தைக் கோல் பார்த்துத் திருப்பி வைத்தான். வெறுமையாக இருந்த மறுபக்கம் அவன் காலுக்கு நேராக வந்தது. நான்கு எட்டுப் பின்னால் போய், ஓடி வந்து, வெறுங்காலால் அடித்தான்.

அவன் கால் எந்த இடத்தில் பட வேண்டுமோ அந்த இடத்தில்தான் பட்டது. ஆனால் பட்ட இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பந்து சோம்பேறித்தனமாகச் சுழன்று கோல் கம்பத்துக்கு வெளியே ஒதுங்கி, ஓரத்தில் இருந்த பஜ்ஜிக் கடையின் மாவுச் சட்டியில் போய் விழுந்தது.

கெட்டது குடி.

கம்பத்துக்காரர்கள் கொட்டடித்தார்கள். அண்ணாச்சி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார். சுருளியாண்டி குனிந்து தன் காலைப் பார்த்தான். புறங்கால் முழுக்க எண்ணெய் மினுமினுத்தது. கோயில் விளக்கு எண்ணெய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவனைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு ஆளே இல்லை. கூட ஆடியவர்கள் ஆளுக்கொரு திசையில் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்ஸை அவன் கையில் எடுத்துக்கொண்டான். வேனில் ஏறப் பிடிக்காமல் பஸ் பிடித்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தான். குங்குமத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. சொன்னால் என்ன ஆகும்? பொண்டாட்டி செய்த வேலையால் கோப்பை போனது என்று ஊர் பேசும். அதையாவது தாங்கலாம். தன் கையாலேயே புருசன் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் காலம் முழுக்க நினைத்து வேகுவாளே, அதை எப்படித் தாங்குவது? மறுபடி ஜீப்பில் தொங்கினால் தொங்கிவிட்டுப் போகிறான். அட்டை கடித்தால் கடிக்கட்டும்.

வீட்டு வாசலில் முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். செய்தி செல்போனில் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

“என்ன ஆச்சுங்க?”

“கால் வழுக்கிருச்சு.”

“பூட்ஸை ஏன் கழட்டுனீகளாம்?”

“கடிச்சுச்சு, கழட்டிட்டேன்.”

அவள் அவன் கையிலிருந்த பூட்ஸை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள்: “பந்துல… எதையும் பாத்தீகளா?”

“பந்துல என்ன இருக்கும்? தோலும் காத்தும்தான். போ, போய்த் தண்ணி கொண்டா” என்றான் சுருளியாண்டி.

அவள் உள்ளே போனாள். தண்ணீர் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் பனியனைத் துவைத்து மடித்து, கடைச் சாவியை மேலே வைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். திலீபன் அதற்குள் வந்து கதவோரம் நின்றிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான், கையில் சாப்பாட்டுத் தூக்கு. சுருளியைப் பார்த்ததும் அந்தத் தூக்கை எங்கே மறைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இரவு தூங்காத முகம். சாவியை வாங்காமல் அவனையே பார்த்தார்.

“ஏன்லே பூட்ஸைக் கழட்டுன?”

“தோணுச்சு அண்ணாச்சி.”

“தோணுச்சா? இறுதியாட்டத்துல, அம்புட்டுச் சனம் பாக்கையில, தோணுச்சா? ஒரு காரணமாச்சும் சொல்லுலே. கால்ல முள்ளு, வெரல்ல காயம், எதையாச்சும் சொல்லு. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்கு வெளங்கல.”

“காரணம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தப்பு என்னுது. என் கால் தப்பு.”

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். “அப்பச் சரி. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று கையை நீட்டினார். சுருளியாண்டி சாவியை எடுத்து அந்தக் கையில் வைக்கப் போனான்.

“வைக்காதீக!”

வாசலில் முத்துப்பேச்சி நின்றாள். மூச்சு வாங்கியது. தலையைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தாள்.

“நீ எங்கன வந்த? வீட்டுக்குப் போ” என்றான் சுருளியாண்டி.

“போகமாட்டேன். அண்ணாச்சி, இவுக பொய் சொல்றாக. நான்தான் அந்தப் பந்தை வீரபாண்டிக்குக் கொண்டுபோயி ஆத்தா காலடியில வச்சு வாங்கியாந்தேன். குங்குமமும் சந்தனமும் நான்தான் வச்சேன். இவுக அதைப் பாத்திருக்காக. சாமிப் பொருளை எப்பிடிச் செருப்புக் காலால ஒதைக்கிறதுன்னு கழட்டியிருக்காக. எனக்குத் தெரியாதா இவுகளை? புத்திகெட்டவ நான். ஒதைக்கிற பந்தைப் போயிச் சாமிகிட்ட வைப்பாளா ஒருத்தி? நல்லது பண்றதா நெனச்சு இவுக பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“பேச்சி, சும்மா இரு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வெளக்கெண்ணெய் கொஞ்சம் பட்டிருந்துச்சு, அதுல வழுக்கிருச்சு, அம்புட்டுத்தான்” என்றான் சுருளியாண்டி.

முத்துப்பேச்சி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “எண்ணெயா? நான் எண்ணெயே வைக்கலையே.”

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் வீடு கடைக்கு மேல்மாடியில்தான். அன்னத்தாய் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

“எண்ணெய் நான் தடவுனது” என்றாள்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “நீயா?”

“ஆமா. நேத்துக் காலையில சுருளி பையைக் கொண்டாந்து குடுத்துச்சு. பாஸ்டர் ஜெபம் பண்ணிக் குடுத்த எண்ணெய் வீட்டுல இருந்துச்சு. அந்தப் புள்ளை வேலை நெலைக்கட்டும் ஆண்டவரேன்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு, பந்துல தடவுனேன்.” முத்துப்பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். “உன் குங்குமத்தைப் பாத்தேன்த்தா. நீ எம்புட்டு வேண்டிக்கிட்டு வச்சியோ, அது அழியக்கூடாதுன்னு மத்தப் பக்கமாப் பாத்துத்தான் தடவுனேன்.”

சுருளியாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குங்குமத்தில் கால் படக்கூடாது என்று அவன் திருப்பி வைத்தான். குங்குமம் அழியக்கூடாது என்று அந்த அம்மாள் மறுபக்கம் தடவியிருக்கிறாள். இரண்டு பேருடைய மரியாதையும் சரியாக ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறது. இதில் அவன் கால் என்ன பண்ணும்?

“ரெண்டு பேருமாச் சேந்து என் கோப்பையைக் கவுத்துட்டீகளே” என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் பிசகிவிட்டது. “இப்ப நான் யாரை நிப்பாட்டுறது?”

“வழக்கப்படி தப்புப் பண்ணுனவுகளைத்தான் நிப்பாட்டணும். என்னை நிப்பாட்டுங்க. மேல அடுப்பு இருக்கு, அரிசி இருக்கு. மத்தியானம் நீங்களே பொங்கிக்கோங்க” என்றாள் அன்னத்தாய்.

முத்துப்பேச்சிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி திரும்ப உட்கார்ந்தார். கல்லாப் பெட்டியை மூடினார், திறந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

“நானும் சும்மா இல்லைல்ல. அடிக்கப் போற நேரத்துல பூட்ஸைப் போடுலே போடுலேன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அதுலகூட அவன் கவனம் செதறியிருக்கும்.”

அண்ணாச்சி இப்படிப் பேசி அந்தக் கடை கேட்டதில்லை. சீனிச்சாமி போனபோதும் சொன்னதில்லை, மலைச்சாமி போனபோதும் சொன்னதில்லை.

கதவோரத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அங்கே ஒருவன் நிற்பதையே எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

“அண்ணாச்சி” என்றான் திலீபன். காது சிவந்திருந்தது. “நானும் ஒண்ணு சொல்லிர்றேன். அண்ணன் அடிக்கப் போறப்ப, அது வெளிய போகணும்னு நான் வேண்டிக்கிட்டேன். எங்க வீட்டுல எனக்கு வேலை கெடைச்சாச்சுன்னு சொல்லிட்டாக, அதான். மன்னிச்சிருங்கண்ணே.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அன்னத்தாய். அவளைத் தொடர்ந்து முத்துப்பேச்சி, அப்புறம் அண்ணாச்சி. அண்ணாச்சி சிரித்தால் வயிறு குலுங்கிக் கல்லாவில் இடிக்கும், இப்போதும் இடித்தது. சுருளியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தது உடைந்து, மடித்த பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். பொண்டாட்டி முன்னால், புதுப்பையன் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவனுக்கு இல்லை.

முத்துப்பேச்சி வந்து அவன் முதுகில் கை வைத்தாள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து மறு தோளைப் பிடித்தார்.

“ஏலே, போதும்லே. சாவியை உள்ள வையி. தம்பி, நீ என்ன அங்கனயே நிக்கிற? சாப்பாடு வேற கொண்டாந்துட்ட. வந்து சலிக்கிற பக்கம் உக்காரு, ரெண்டு ஆளுக்கும் இங்கன வேலை கெடக்கு.”

திலீபன் செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சுவரை ஒட்டினாற்போல் வந்து உட்கார்ந்தான்.

சுருளியாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கெழமை கோம்பையில ஆட்டம் இருக்கு. யாரு அடிக்கிறது?”

“நீதான் அடி.”

“தப்பிட்டா?”

அமெரிக்காவில் இதற்கு என்ன செய்வார்கள் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். சம்சாரத்தைப் பார்த்தார், முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

“தப்பிட்டா தப்பிட்டுப் போகுது. திங்கக்கெழமை காலையில எல்லாருமாச் சேந்து இங்கன வந்து நிப்போம்” என்றார்.